ஒரே பெரிய தட்டு போதாதா? காமா கதிர் தொலைநோக்கிகளை ஏன் 120 மீட்டர் தள்ளித் தள்ளி வைக்கிறார்கள்?

நெல்லை_இயற்பியல்:

எல்லோருக்கும் வணக்கம். இயற்பியல் இளங்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தரையிலிருந்து காமா கதிர்களைப் பார்க்கும் தொலைநோக்கிகள் பற்றி அடுத்த வாரம் வகுப்பில் பேச வேண்டும். நாலு நாளாகப் படிக்கிறேன், ஒரே இடத்தில் வந்து முட்டி நிற்கிறது.

லடாக்கில் ஹான்லேயில் நம் நாட்டு மேஸ் தொலைநோக்கி இருக்கிறது. 4,270 மீட்டர் உயரம், 21 மீட்டர் விட்டம், 356 சதுர மீட்டர் கண்ணாடி. நமீபியாவில் இருக்கும் ஹெஸ் 12 மீட்டர் தொலைநோக்கிகள் நான்கோடு தொடங்கியது. ஒவ்வொன்றிலும் 107 சதுர மீட்டர் கண்ணாடி, ஆக மொத்தம் 428. கண்ணாடிக் கணக்கில் பார்த்தால் இரண்டும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒன்று ஒரே தட்டாக நிற்கிறது, இன்னொன்று 120 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தின் நாலு மூலைகளில் நிற்கிறது. ஏன் பிரித்து வைத்தார்கள்? ரேடியோ தொலைநோக்கிகளைப் போல அலைகளைச் சேர்த்துக் கூர்மையாகப் பார்ப்பதற்குத்தான் என்கிறான் என் நண்பன். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் ஏன் தவறு என்று சொல்லவும் தெரியவில்லை. அப்புறம் அந்த 120 எங்கிருந்து வந்தது? 50 ஏன் இல்லை, 500 ஏன் இல்லை?

பின்னிரவு:

உங்கள் சந்தேகம் சரிதான், நண்பர் சொல்வது இங்கே பொருந்தாது. ரேடியோவில் ஒரே அலை இரண்டு ஆன்டெனாக்களுக்கும் வருகிறது, அதன் கட்டத்தை (ஃபேஸ்) ஒப்பிடுகிறார்கள். இங்கே காமா கதிர் தரைக்கே வருவதில்லை. வளிமண்டலத்தின் மேல்பகுதியிலேயே மோதி ஒரு எலக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடியாகிவிடுகிறது, அந்த ஜோடி மறுபடி காமாக்களை உமிழ்கிறது, அவை மறுபடி ஜோடிகளாகின்றன, இப்படிப் பெருகிப் பெருகி சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் உச்சத்துக்குப் போய் அப்புறம் அடங்குகிறது. இதைத்தான் ஷவர் என்கிறோம். அந்தத் துகள்கள் காற்றில் ஒளி போகும் வேகத்தைவிட வேகமாகப் போவதால் நீல நிறத்தில் செரன்கோவ் ஒளி பிறக்கிறது. சில நானோ நொடிகளில் முடிந்துவிடும் ஒரு மின்னல். நாம் படம் எடுப்பது அந்த மின்னலை. அதாவது உண்மையான காமா கதிர் கருவி காற்றுதான், தொலைநோக்கிகள் அதைப் பக்கத்தில் நின்று பார்க்கும் கண்கள்.

இது ஏன் பெரிய லாபம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள், செமினாரில் இதைச் சொன்னால் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். வெடித்த நட்சத்திரத்தின் எச்சமான நண்டு நெபுலாவிலிருந்து 1 டெரா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு (லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட்) மேல் வரும் காமா கதிர்கள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நொடிக்கு சுமார் 2×10⁻¹¹. ஃபெர்மி செயற்கைக்கோளின் பயனுள்ள பரப்பு 1 சதுர மீட்டர் அளவு. அது ஒரு வருடம் முழுக்கக் கண் கொட்டாமல் அந்த ஒரே பொருளைப் பார்த்தாலும் ஆறு ஃபோட்டான்தான் கிடைக்கும். தரையில் ஷவரின் ஒளி விழும் பரப்பு முழுவதும் நம் பரப்பு ஆகிவிடுவதால், ஒரு லட்சம் சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு ஒன்று வந்துவிடும். ஆறு ஃபோட்டானுக்கு ஒரு வருடம் எங்கே, ஆறு நிமிடம் எங்கே.

இனி ஏன் பிரித்து வைக்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். கேமராவில் ஷவர் ஒரு நீள்வட்டமாக விழும். அதன் நீளமான அச்சு, காமா எந்தத் திசையிலிருந்து வந்ததோ அந்தப் புள்ளி வழியாகப் போகும். ஆனால் அந்தக் கோட்டில் எந்த இடம் என்று ஒரு படத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. பக்கத்தில் விழுந்த சின்ன ஷவரா, தள்ளி விழுந்த பெரிய ஷவரா என்பதிலும் குழப்பம் வரும், அதனால் ஆற்றலும் தெளிவாகக் கிடைக்காது. இன்னொரு தொலைநோக்கி வேறொரு இடத்திலிருந்து அதே ஷவரைப் பார்த்தால் வேறு சாய்வில் இன்னொரு நீள்வட்டம் கிடைக்கும். இரண்டு அச்சுகளையும் நீட்டினால் வெட்டும் இடம்தான் திசை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோர்த்துப் பாருங்கள், இரண்டாவது கண் என்ன செய்கிறது என்று கைக்கே தெரிந்துவிடும்.

இன்னொரு பெரிய தலைவலி மியூவான். விண்வெளியிலிருந்து வரும் புரோட்டான்களும் காற்றில் மோதி ஷவர் உண்டாக்கும், அதில் பிறந்து தரை வரை வரும் துகள் அது. நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது கேமராப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பது வழக்கம். ஒரு கேமராவில் பளிச்சென்று வளையல் மாதிரி ஒரு முழு வட்டம் இருக்கும், அதே கணத்தில் மற்ற கேமராக்களில் ஒன்றும் இருக்காது. அது அந்தத் தொலைநோக்கிக்கு நேர் மேலே வந்து இறங்கிய ஒற்றை மியூவான். முழு வளையம் வந்தால் அடையாளம் தெரிந்துவிடும். துண்டு வளையம் வந்தால்தான் சிக்கல், சின்ன காமா படத்தைப் போலவே இருக்கும். மியூவானின் ஒளி சில பத்து மீட்டருக்குள் அடங்கிவிடுவதால், 100 மீட்டர் தள்ளி நிற்கும் இன்னொரு தொலைநோக்கியும் பார்த்திருக்க வேண்டும் என்று கேட்டாலே பெரும்பாலானவை போய்விடும். ஹெஸ்ஸில் இரண்டு தொலைநோக்கிகளாவது 80 நானோ நொடிக்குள் சேர்ந்து பார்த்தால்தான் பதிவு. 120 மீட்டரைக் கடக்க ஒளிக்கே 400 நானோ நொடி ஆகும். அதனால் தொலைநோக்கிகள் வானத்தில் சாய்ந்து பார்க்கும்போது ஒளி ஒன்றுக்கு முன்னாலும் இன்னொன்றுக்குப் பின்னாலும் வரும், அந்தத் தாமதத்தைப் பார்க்கும் திசைக்கு ஏற்பச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும்.

கண்ணாடிப் பரப்பை மட்டும் பார்க்கக் கூடாது என்பதற்கு வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. அரிசோனாவில் விப்பிள் தொலைநோக்கி, 10 மீட்டர், ஒரே தட்டு. ட்ரெவர் வீக்ஸ் குழு 1989-ல் நண்டு நெபுலாவை உறுதியாகக் கண்டுபிடித்தது அதில்தான், சுமார் 80 மணி நேரம் பார்த்து. இந்தத் துறையே அதிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்குப் பின் வந்த லா பால்மா தீவின் ஹெக்ராவில் ஐந்து தொலைநோக்கிகள், ஒவ்வொன்றிலும் வெறும் 8.5 சதுர மீட்டர் கண்ணாடி. ஐந்தையும் கூட்டினாலும் விப்பிளின் 75 சதுர மீட்டருக்குப் பக்கத்தில் வராது. ஆனாலும் பல கண்களால் பார்த்ததால் அது ஒவ்வொரு ஃபோட்டானின் திசையையும் 0.1 டிகிரி அளவுக்குச் சொன்னது. அந்த ஹெக்ராவின் பாடம்தான் ஹெஸ்.

கணக்குப்பிள்ளை:

பின்னிரவு எல்லாம் அழகாகச் சொல்லிவிட்டார், 120-ஐ மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

10 கிலோமீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு, அதனால் செரன்கோவ் கோணம் 1 டிகிரிக்கும் கொஞ்சம் குறைவு. அந்த ஒளி கீழே வந்து சேரும்போது சுமார் 120 மீட்டர் ஆரமுள்ள வட்டமாக விரிந்திருக்கும். இன்னும் கீழே பிறக்கும் ஒளிக்குக் கோணம் பெரிது, ஆனால் கீழே வர தூரம் குறைவு, அதனால் அதுவும் ஏறக்குறைய அதே ஆரத்தில் வந்து விழும். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. இந்தத் தற்செயலால்தான் ஒளிக்குளத்துக்கு ஒரு விளிம்பு மாதிரி உருவாகிறது. உள்ளே ஒளி ஏறக்குறைய சமமாக இருக்கும், வெளியே போனால் வேகமாகக் குறையும்.

இப்போது ஒரு கிராஃப் தாள் எடுங்கள். 1 சென்டிமீட்டர் என்றால் 50 மீட்டர். சதுரமாக நாலு புள்ளி வையுங்கள். ஓ.எச்.பி. ஷீட்டில் (கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் தாள்) 2.4 சென்டிமீட்டர் ஆரத்துக்கு ஒரு வட்டம் வெட்டி அதன் மேல் நகர்த்துங்கள், வட்டத்துக்குள் எத்தனை புள்ளி வருகிறது என்று பாருங்கள். வட்டத்தின் மையம்தான் ஷவர் குறிவைக்கும் இடம். இரண்டு புள்ளிகளாவது உள்ளே வரும்படி மையம் எவ்வளவு பரப்பில் இருக்கலாம் என்பதை நான் வடிவியல் போட்டுக் கணக்கிட்டேன். சதுரத்தின் பக்கம் 60 மீட்டர் என்றால் சுமார் 53,000 சதுர மீட்டர். 120 என்றால் சுமார் 50,000. 180 என்றால் 26,000. 240 என்றால் பூச்சியம்.

பாருங்கள், 60-லிருந்து 120-க்குப் போகும்போது பரப்பில் நாம் இழப்பது மிகக் கொஞ்சம். ஆனால் தொலைநோக்கிகளுக்கு நடுவே தூரம் இரட்டிப்பு, அதனால் நீள்வட்டங்கள் வெட்டும் கோணம் விரிகிறது, திசை துல்லியமாகிறது. 120-ஐத் தாண்டினால் பரப்பு சடாரென்று விழுகிறது. அந்த முழங்கையில்தான் ஹெஸ் நிற்கிறது. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது விளிம்பைக் கத்தி மாதிரி வைத்துப் போட்ட பொம்மைக் கணக்கு. உண்மையில் விளிம்புக்கு வெளியேயும் ஒளி உண்டு, பிரகாசமான ஷவர் வெளியிலிருந்தும் தெரியும். அதனால்தான் இடைவெளி என்ற கேள்விக்கு, எந்த ஆற்றலுக்கு என்ற எதிர்க்கேள்வி இல்லாமல் பதில் சொல்ல முடியாது.

60 மீட்டருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அங்கே நாலு தொலைநோக்கிகளும் ஒரே ஷவரைப் பார்க்கும் பரப்பு 20,000 சதுர மீட்டர், 120-ல் அது வெறும் 4,500. மங்கலான ஷவரை நாலு படங்களையும் கூட்டித்தான் பிடிக்க முடியும் என்றால் நெருக்கி வைப்பதுதான் சரி.

நெல்லை_இயற்பியல்:

ரொம்ப நன்றி. ஓ.எச்.பி. ஷீட் கிடைக்கவில்லை, பால் கவரை வெட்டி வட்டம் செய்து நகர்த்திப் பார்த்தேன். 240-ல் எங்கே வைத்தாலும் ஒரு புள்ளிக்கு மேல் உள்ளே வரவே இல்லை, விளிம்பில் தொட்டுக்கொண்டு நிற்கிறது. பார்த்ததும் புரிந்துவிட்டது.

ஒரு சந்தேகம். சதுரமாகத்தான் வைக்க வேண்டுமா? இடம் இல்லாவிட்டால் ஒரே வரிசையில் வைத்தால் என்ன ஆகும்?

பின்னிரவு:

நல்ல கேள்வி. இதற்கு அரிசோனாவில் ஒரு நிஜக் கதையே இருக்கிறது.

முதலில் வடிவம். இரண்டு தொலைநோக்கிகளை இணைக்கும் கோட்டின் மேல் ஷவர் விழுந்தால் இரண்டு படங்களின் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாகிவிடும். இணைகோடுகளை எங்கே வெட்டச் சொல்வது? இரண்டே தொலைநோக்கிகள் இருந்தால் இந்தத் தொல்லை எப்போதும் கூடவே வரும். லா பால்மாவின் மேஜிக் அப்படித்தான், 17 மீட்டர் தட்டுகள் இரண்டு, 85 மீட்டர் இடைவெளி. அங்கே ஷவரின் நேர அமைப்பு, படத்தின் வடிவம் என்று மற்ற தகவல்களையும் சேர்த்து ஈடுகட்டுகிறார்கள், நன்றாகவே வருகிறது. மூன்றாவதாக ஒன்று கோட்டுக்கு வெளியே நின்றால் இந்தப் பிரச்சினையே பெரும்பாலும் போய்விடும். எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைத்தால் நாலு வைத்தும் இரண்டின் சிரமத்தையே அனுபவிப்பீர்கள்.

இனி அந்த அரிசோனா கதை, வெரிடாஸ் என்ற அணியுடையது. அதுவும் 12 மீட்டர் தொலைநோக்கிகள் நான்கு, 2007-ல் முழு அணியாக வேலை தொடங்கியது. முதல் தொலைநோக்கி மலையடிவாரத்தில் முன்மாதிரியாகக் கட்டப்பட்டது. மற்றவற்றை அதைச் சுற்றிக் கிடைத்த இடத்தில் வைத்ததில், முதலாவதும் நாலாவதும் வெறும் 35 மீட்டர் இடைவெளியில் வந்து நின்றுவிட்டன. அந்தத் தூரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே படத்தைத்தான் பார்க்கும், மியூவான்கூட இரண்டிலும் சேர்ந்து தெரிந்துவிடும். நாலு கண் இருந்தும் மூன்றரை கண் மாதிரி. 2009 கோடையில், மழைக்காலத்துக்காக எப்படியும் பார்வை நிற்கும் நேரத்தில், முதல் தொலைநோக்கியைக் கழற்றி அணியின் இன்னொரு பக்கத்துக்குக் கொண்டுபோய் மறுபடி நிறுத்தினார்கள். இடைவெளிகள் எல்லாம் சுமார் 100 மீட்டர் என்று ஆகின. உணர்திறன் சுமார் 30 சதவீதம் கூடியது. நண்டு நெபுலாவில் நூறில் ஒரு பங்கு பிரகாசமுள்ள பொருளைக் கண்டுபிடிக்க முன்பு 50 மணி நேரம் தேவைப்பட்டது, அப்புறம் 30 மணிக்கும் கீழே வந்துவிட்டது. கண்ணாடிகளை நேர்ப்படுத்தும் முறையை மேம்படுத்தியதற்கும் அதில் பங்குண்டு, ஆனாலும் ஒரு சதுர அடி கண்ணாடிகூடப் புதிதாகச் சேர்க்கவில்லை. ஒரு தொலைநோக்கி நின்ற இடம் மாறியது, அவ்வளவுதான். நிலவில்லாத தெளிந்த இரவு என்று வருடத்துக்குக் கிடைப்பதே சுமார் 1,000 மணி நேரம்தான், அதில் ஒவ்வொரு பொருளுக்கும் 20 மணி மிச்சமாவது என்றால் என்னவென்று யோசியுங்கள். செமினாரில் ஒரே ஒரு எடுத்துக்காட்டுக்குத்தான் நேரம் என்றால் இதைச் சொல்லுங்கள்.

உங்கள் நண்பருக்கும் ஒரு செய்தி. அலைகளைச் சேர்ப்பதில்லை என்று நான் சொன்னது காமா கதிர்களுக்கு. நிலவொளி இருக்கும் இரவுகளில் இதே வெரிடாஸ் தொலைநோக்கிகளை நட்சத்திரங்கள் பக்கம் திருப்பி, ஒளியின் செறிவு ஏற்ற இறக்கங்களை ஒப்பிட்டு நட்சத்திரங்களின் விட்டத்தை அளந்திருக்கிறார்கள். அந்த வேலைக்கு இடைவெளி கூடக் கூட நல்லது. அங்கே அவர் சொல்வது சரி.

நீலமலை:

நான் ஊட்டிக்காரன். இங்கே கிரேப்ஸ்-3 இருக்கிறதே, டாடா ஆராய்ச்சி நிலையத்துடையது, அதில் சுமார் 400 கருவிகள் 8 மீட்டர் இடைவெளியில் வரிசையாக நிற்கின்றன. சின்ன வயதில் பள்ளியிலிருந்து கூட்டிப்போனார்கள், தேயிலைத் தோட்டம் மாதிரியே வரிசை பிடித்து வைத்திருந்தது இன்னும் நினைவிருக்கிறது. அங்கே ஏன் 8 மீட்டர், நீங்கள் சொல்வதில் ஏன் 120?

கணக்குப்பிள்ளை:

நீலமலை, அது வேறு வகை. கிரேப்ஸ்-3 ஒளியைப் பார்ப்பதில்லை, தரை வரை வந்து சேரும் துகள்களையே எண்ணுகிறது. ஒளி ஒரு குளம் மாதிரி பரவிக் கிடக்கும், எங்கே நின்றாலும் கிடைக்கும். துகள்கள் தூறல் மாதிரி, அங்கொன்றும் இங்கொன்றுமாக விழும், நடுவில் அடர்த்தி, போகப்போகக் குறைவு. தூறலை அளக்க வாளிகளை நெருக்கமாகத்தான் வைக்க வேண்டும். அதோடு அங்கே 560 சதுர மீட்டருக்கு ஒரு மியூவான் கருவியும் இருக்கிறது. புரோட்டான் ஷவரில் மியூவான் நிறைய, காமா ஷவரில் மிகக் குறைவு, அதை வைத்துப் பிரிக்கிறார்கள். சீனாவில் 4,410 மீட்டர் உயரத்தில் லாசோ இதே கொள்கையை 1.3 சதுர கிலோமீட்டருக்கு விரித்தது, துகள் கருவிகள் 15 மீட்டருக்கு ஒன்று, மியூவான் கருவிகள் 30 மீட்டருக்கு ஒன்று. 2021-ல் அன்னப்பறவை விண்மீன் குழுவின் பக்கமிருந்து வந்த 1.4 பெட்டா எலக்ட்ரான் வோல்ட் (அதாவது 1,400 டெரா) ஃபோட்டானை அறிவித்தார்கள். பகல், இரவு, மேகம் எதுவும் அதற்குத் தடையில்லை. ஆனால் குறைந்த ஆற்றலில் துகள்கள் தரைக்கே வராது, திசையும் அவ்வளவு கூர்மையாகக் கிடைக்காது. அதனால் இரண்டு வகையும் வேண்டும்.

நெல்லை, ஆற்றலுக்கு ஏற்ப இடைவெளி மாறும் என்றேனே, அதை முடித்துவிடுகிறேன். 1 டெராவில் குளத்துக்குள் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 100 ஒளித்துகள். அதில் முப்பதில் ஒரு பங்கு ஆற்றலுக்கு இறங்கினால் சதுர மீட்டருக்கு இரண்டு மூன்றுகூடத் தேறாது, அதைப் பிடிக்கப் பெரிய தட்டு வேண்டும். ஆனால் அந்த ஆற்றலில் ஃபோட்டான்கள் ஏராளமாக வருவதால் பரப்பு சிறிதாக இருந்தால் பரவாயில்லை. மேஸ் ஒரே பெரிய தட்டாக அவ்வளவு உயரத்தில் நிற்பதன் நியாயம் இதுதான், உயரம் கூடினால் குளம் சுருங்கி ஒளி அடர்த்தியாகும். மறுமுனையில், 100 டெராவில் வெளிச்சம் கொட்டுகிறது, சின்னத் தட்டே போதும், ஆனால் ஃபோட்டான் வருவதே அபூர்வம். அதனால் சதுர கிலோமீட்டர் கணக்கில் விரிக்க வேண்டும். 300 மீட்டர் தள்ளி விழும் ஷவரின் உச்சி கேமராவில் 1.7 டிகிரி ஒதுங்கித் தெரியும், 300-ஐ 10,000-ஆல் வகுத்துப் பாருங்கள். ஆகவே இடைவெளியை விரித்தால் கேமராவும் அகலமாக வேண்டும், இரண்டையும் சேர்த்தேதான் தீர்மானிக்க முடியும்.

இரண்டு இடங்களில் திட்டமிட்ட சி.டி.ஏ.ஓ. என்ற காமா கதிர் ஆய்வகம் இதை அப்படியே வரைபடமாக்கியிருக்கிறது. வடக்கே லா பால்மாவில் 23 மீட்டர் தொலைநோக்கிகள் நான்கு நெருக்கமாக, சுற்றி 12 மீட்டர் ஒன்பது. தெற்கே சிலியில் முதல் கட்டத் திட்டம் 12 மீட்டர் பதினான்கும், சுமார் 4 மீட்டர் விட்டமுள்ள சின்னவை 37-ம், ஏறக்குறைய 3 சதுர கிலோமீட்டருக்கு. வானமே இப்படிப் பிரித்துக் கொடுத்ததுதான். பால்வீதியின் மையம் தெற்கில் உச்சியில் வரும், மிக உயர்ந்த ஆற்றல் மூலங்கள் அங்கே. தூரத்து விண்மீன் மண்டலங்களிலிருந்து வரும் உயர் ஆற்றல் ஃபோட்டான்கள் வழியிலேயே மற்ற ஒளியோடு மோதி அழிந்துவிடுவதால், அவற்றைப் பார்க்கும் வடக்குக்குக் குறைந்த ஆற்றல்தான் முக்கியம்.

எண்ணிக்கை கூடினால் இன்னொரு லாபம். நாலு தொலைநோக்கி என்றால் பெரும்பாலான ஷவர்கள் சதுரத்துக்கு வெளியேதான் விழும், எல்லாப் படமும் ஒரே பக்கத்திலிருந்து எடுத்ததாக இருக்கும். அணி பெரிதானால் பெரும்பாலானவை உள்ளே விழும், நாலு பக்கமிருந்தும் படம் கிடைக்கும்.

நெல்லை_இயற்பியல்:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு இருவருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: ஹெஸ்ஸில் 2012-ல் நடுவில் 28 மீட்டர் தொலைநோக்கி ஒன்று சேர்த்தார்களே, அது எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லையா? 600 சதுர மீட்டருக்கு மேல் கண்ணாடி என்று போட்டிருக்கிறது.

பின்னிரவு:

பாதி தீர்த்தது. இன்னும் குறைந்த ஆற்றல்களிலும் பார்க்க முடிந்தது, பிரகாசமான ஷவர்களுக்கு ஐந்தாவது கண்ணாகவும் உதவியது. ஆனால் குறைந்த ஆற்றலில் பெரியதற்கு மட்டும்தான் ஷவர் தெரியும், சுற்றியிருக்கும் நாலுக்கும் தெரியாது. அப்போது மறுபடி ஒரே கண், மறுபடி துண்டு வளைய மியூவான்கள், மறுபடி கோட்டில் எந்த இடம் என்ற குழப்பம். அதனால்தான் லா பால்மாவில் 23 மீட்டரை ஒன்றோடு நிறுத்தாமல் நாலாக, சுமார் 100 மீட்டர் இடைவெளியில் வைக்கிறார்கள். முதலாவது 2018 அக்டோபரில் திறக்கப்பட்டது. பக்கத்திலேயே மேஜிக் நிற்பதால், மற்ற மூன்றும் எழும்பும் வரை அதன் இரண்டு தட்டுகளையும் சேர்த்து மூன்று கண்களாகப் பார்த்துக்கொள்ள முடிகிறது. அந்த மூன்றையும் உங்கள் கிராஃப் தாளில் வைத்து வட்டத்தை நகர்த்திப் பாருங்கள், செமினாருக்கு ஒரு நல்ல படம் கிடைக்கும்.